புது கார்டும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. கம்ப்யூட்டர் ரிப்பேர் விஷயம்தான். ஆனால் கடைசியில் 1995-இல் பிளஸ் டூ முடித்தவர்களிடம் ஒரு உதவி கேட்கப் போகிறேன். மற்றவர்கள் பாதியில் போய்விட்டாலும் பரவாயில்லை, அந்த செட் மட்டுமாவது முழுக்கப் படியுங்கள்.

என் மகள் வயிற்றுப் பேரன் எங்களோடு தங்கித்தான் கல்லூரிக்குப் போகிறான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அவனுக்கு அனிமேஷன் கிறுக்கு. ப்ளெண்டர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, இலவசம். அதில் ஒரு கோயில் கோபுரத்தை உருவாக்கிவிட்டு, அதைப் படமாக மாற்றச் சொல்லிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவான். விடிந்து பார்த்தால் பாதிப் படம்தான் வந்திருக்கும். வீட்டில் இருப்பது நான் ஓய்வு பெற்ற 2014-ஆம் வருஷம் வாங்கிய கம்ப்யூட்டர். ஐ5-4460 பிராசஸர், ஹெச்81 மதர்போர்டு. எனக்கு மின்னஞ்சல் பார்க்கவும் ஓய்வூதியப் படிவம் நிரப்பவும் அது யானை பலம். அவனுக்குப் போதவில்லை.

கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுத்துச் சேர்த்த காசில், மதுரையில் ஒருவரிடமிருந்து பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி வந்தான். ஜிடிஎக்ஸ் 1060. 7,200 ரூபாய். "மூணு நாள் டெஸ்டிங் வாரண்டி தாத்தா, அதுக்குள்ள பிரச்சனைன்னா திருப்பிக் குடுத்துடலாம்" என்றான். கார்டு என்றதும் தபால் கார்டு அளவுக்கு நினைத்திருந்தேன். செங்கல் கனத்தில் விசிறியெல்லாம் வைத்து இருந்தது.

மாட்டும்போது பக்கத்தில்தான் இருந்தேன். முறையாகத்தான் செய்தான். மெயின் சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் கை வைத்தான். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, கார்டை அதன் பள்ளத்தில் வைத்து அழுத்தினான். கிளிப் 'டக்' என்று விழுந்தது. ஸ்க்ரூ முடுக்கினான். கார்டின் முதுகில் ஆறு ஊசி உள்ள ஒரு சாக்கெட் உண்டு, அதற்குத் தனியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். எங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வயர் கிடையாது. அதற்காக 150 ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் வயர் வாங்கி வைத்திருந்தான். மானிட்டர் வயரையும் மறக்காமல் கார்டிலேயே செருகினான்.

பொத்தானை அழுத்தினான். விசிறி அரைச் சுற்று சுற்றியது. உள்ளே எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினால் அந்த அரைச் சுற்றும் இல்லை.

கார்டைக் கழற்றிவிட்டு அழுத்திப் பார்த்தான். அப்போதும் உயிர் வரவில்லை. இதுதான் என்னை நிலைகுலைய வைத்தது. பத்து வருஷத்துக்கு மேல் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய பெட்டி. என் வாயிலிருந்து வந்தது இது: "நல்லா இருந்த மெஷினைத் தொலைச்சிட்டியே. எதையோ உடைச்சிட்டல்ல?"

சரியாக அந்த நேரம் பார்த்து மருமகப்பிள்ளை ஓசூரிலிருந்து கூப்பிட்டார். விஷயம் தெரிந்ததும், "நான் அப்பவே சொன்னேன் மாமா, செகண்ட் ஹேண்டு வாங்காதன்னு. நல்லா ஏமாத்திட்டானுங்க" என்றார். ஸ்பீக்கரில் இருந்தது. பையன் கேட்டுக்கொண்டிருந்தான். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஆச்சி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கார்டு இல்லாத பெட்டிக்கு வயரைச் செருகி அழுத்தினேன். ஒன்றுமே நடக்காதது போல ஓடியது! காரணம் பிறகு புரிந்தது. அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுக்கப்பட்டால் எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். மெயினை அணைத்துச் சிறிது நேரம் விட்டால்தான் பல எஸ்எம்பிஎஸ்களில் அந்தப் பூட்டு திறக்கும். நாங்கள் ராத்திரி பொத்தானை மட்டும்தான் அழுத்திக்கொண்டிருந்தோம். ஆக, எதுவும் உடையவில்லை. எதுவும் உடையாததற்குத்தான் பிள்ளையைத் திட்டியிருக்கிறேன்.

"வாடா, ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம்" என்று கூப்பிட்டேன். வந்தான். ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"நீங்களே பாருங்க தாத்தா. நான் தொடல."

இந்த வார்த்தையை இதற்கு முன்னால் எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். என் ஆய்வகத்தில் படித்தவர்களுக்குத் தெரியும், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், பார்த்ததை எழுதிவிட்டுத்தான் அடுத்தது. கார்டு இல்லாமல் ஓடுகிறது. கார்டு பள்ளத்தில் இருக்கிறது, ஆனால் ஆறு ஊசி வயர் இணைக்கவில்லை: ஓடுகிறது! விசிறி சுற்றி, திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரியும் வந்தது, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு கார்டுக்கு மின்சார வயரை இணைக்கச் சொல்லி. மானிட்டர் வயர் கார்டில்தான் செருகியிருந்தது. அந்த வரியை எழுதியது கார்டுதான். செத்த கார்டு வாய் திறந்து பசிக்கிறது என்று சொல்லாது. பையன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

வயரை இணைத்தோம். அரைச் சுற்று, 'டிக்', நின்றது.

இப்போது சந்தேகம் கன்வெர்ட்டர் வயர் மேல். மட்டமான வயர்களில் மஞ்சளும் கறுப்பும் இடம் மாறி இருப்பது உண்டு, அப்படி இருந்தால் நேரே ஷார்ட். மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு ஊசியாகப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கார்டில் செருகாமல் அதன் நுனியில் மின்னழுத்தம் அளந்தேன். 11.9 வோல்ட். மஞ்சள் வயரில் 12 வோல்ட் வர வேண்டும். ஐந்து சதவீதம் கூடக்குறைய, அதாவது 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம் என்பது விதி. அப்படியென்றால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது, வயர் நன்றாக இருக்கிறது, மிச்சம் இருப்பது கார்டு மட்டும். திருப்பிக் கொடுக்க ஒன்றரை நாள்தான் பாக்கி. "மதுரைக்குப் போன் போடு" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

பையன்தான் கேட்டான். "தாத்தா, அது சும்மா இருக்கப்ப 11.9. வேலை குடுத்தா?"

முப்பத்தைந்து வருஷம் இயற்பியல் நடத்தியவனிடம் விஸ்காம் படிக்கிற பையன் கேட்கிறான். கார்டைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை இன்னொரு மஞ்சள் வயரில் வைத்துக்கொண்டு, ப்ளெண்டரில் அந்தக் கோபுரத்தை ஓட்டச் சொன்னேன். பிராசஸர் முழுவேகத்தில் போனது. 11.7... 11.5... 11.3. கார்டே இல்லை, அதற்குள் கோட்டுக்குக் கீழே போய்விட்டது.

பெட்டியைச் சாய்த்து எஸ்எம்பிஎஸ்ஸில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தோம். பெரிய எழுத்தில் 450 என்று இருந்தது. கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு நேராக 14 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 168 வாட். கம்ப்யூட்டரில் பெருந்தீனி தின்கிற பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இந்த 12 வோல்ட்டில்தான் தின்கின்றன. பிராசஸருக்கு 84 வாட், கார்டுக்கு 120 வாட், இரண்டுமே 204. மற்ற உறுப்புகளைச் சேர்க்கவே இல்லை. அந்தப் பள்ளம் வழியாக 75 வாட் வரைதான் கார்டு எடுத்துக்கொள்ளலாம், அதனால்தான் மிச்சத்துக்குத் தனி வயர். நாங்கள் கன்வெர்ட்டர் போட்டுக் குழாயைத்தான் அகலப்படுத்தியிருக்கிறோம். தொட்டியில் தண்ணீர் இல்லை.

பொத்தானை அழுத்தியதுமே கார்டு 120 வாட்டையும் கேட்டுவிடாதுதான். ஆனால் தொடங்கும் கணத்தில் ஒரு இழுப்பு இழுக்கும். வயதான எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அதுகூட முடியவில்லை. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ஒரு வருஷமாகவே சாயங்கால நேரத்தில் எங்கள் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். கரண்ட் லோ வோல்டேஜ் என்று மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். நோய் பழையது. கார்டு வந்துதான் அதை வெளியே காட்டியது.

"சும்மா இருக்கப்ப சரியா காட்டிட்டு, லோடு குடுத்தா எப்படி தாத்தா விழுது?" என்றான்.

பழைய டார்ச் கட்டையை வைத்து விளக்க ஆரம்பித்தேன். தீர்ந்துபோன கட்டையை வோல்ட்மீட்டரில் வைத்தால் 1.4 காட்டும். ஏனென்றால் வோல்ட்மீட்டர் அதனிடமிருந்து மின்னோட்டம் எதுவும் எடுப்பதில்லை என்றே சொல்லலாம். பல்பில் போட்டால் எரியாது. கட்டை பழசாக ஆக அதன் அகமின்தடை ஏறிக்கொண்டே போகும், மின்னழுத்தம் எல்லாம் கட்டைக்குள்ளேயே செலவாகிவிடும். எஸ்எம்பிஎஸ் பேட்டரி இல்லை, உள்ளே நடப்பது வேறு. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான், வெறுமனே அளந்தால் பொய் சொல்லும், சுமை ஏற்றித்தான் அளக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டேன். பையன் இன்னும் கையைப் பின்னால்தான் கட்டியிருந்தான். "நான் தொடல" என்பதை எங்கே கேட்டேன் என்று அப்போது நினைவு வந்தது.

அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் கார்டின் கதையை முடித்துவிடுகிறேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் என் மாணவனிடம் பெட்டியையும் கார்டையும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனோம். "சார், ஒரு போன் பண்ணியிருந்தா ஆள் அனுப்பியிருப்பேனே, இந்த வெயில்ல ஏன் சார்" என்று பதறினான். டீ வந்தது. விஷயத்தைச் சொன்னதும், "கார்டு போயிருக்கும் சார், மைனிங்ல போட்டு வறுத்துட்டு வித்திருப்பானுங்க" என்றான். நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தான். "இன்னும் அப்சர்வேஷன் எழுதுறீங்களா சார்?"

எங்கள் கார்டை அவனுடைய மெஷினில் மாட்டினோம். படம் வந்தது. பிறகு அவனுடைய எஸ்எம்பிஎஸ்ஸை எங்கள் பெட்டிக்கு வெளியே வைத்து, வயர்களை மட்டும் உள்ளே இழுத்துக் கார்டோடு இணைத்தோம். படம் வந்தது. போதும் சார் என்றான். இல்லை, பழையதை மறுபடி மாட்டு என்றேன். மாட்டினான். அரைச் சுற்று, 'டிக்'. அப்போதுதான் எனக்கு நிம்மதி. நல்லதைப் போட்டால் சரியாகிறது என்பது பாதி நிரூபணம். கெட்டதைத் திரும்பப் போட்டால் கெடுகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸை அவன் திறந்து காட்டினான். உள்ளே இரண்டு மின்தேக்கிகளின் தலை அப்பளம் மாதிரி உப்பி, பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. (இதை யாரும் வீட்டில் திறக்காதீர்கள். வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும்.) 2014-இல் கேபினட் வாங்கியபோது கூடவே இலவசமாக வந்த சாமான் அது. கம்ப்யூட்டரில் மற்ற எல்லாவற்றையும் விசாரித்து வாங்கினேன், இது ஒன்றை மட்டும் கேட்கவே இல்லை.

ஆறு ஊசி வயர் சொந்தமாகவே உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் 3,600 ரூபாய் ஆனது. பையன் பர்ஸை எடுத்தான். "வை உள்ள. கெட்டுப்போனது என் சாமான், உன் சாமான் இல்ல" என்றேன். வீட்டுக்கு வந்து அவனையே எல்லாவற்றையும் மாட்டச் சொன்னேன். ஸ்க்ரூ டிரைவரை நீட்டியபோது ஒரு கணம் தயங்கினான். "நேத்து நான் பேசினது தப்புடா. நீ ஒண்ணையும் உடைக்கல" என்றேன். "பரவால்ல தாத்தா" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டான். விடிய விடிய ஓடியும் பாதியில் நின்ற கோபுரம் அன்று நாங்கள் சாப்பிட்டு எழுவதற்குள் முடிந்திருந்தது. மருமகப்பிள்ளைக்கு அந்தப் படத்தை நான்தான் அனுப்பினேன், கூடவே நடந்ததையும் எழுதி.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கார்டு மாட்டி இப்படி ஆனால் முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உயிரே வரவில்லையா, உயிர் இருந்தும் முகம் காட்டவில்லையா? எங்களுடையது போல விசிறி சுற்றி உடனே நின்றால் மின்சாரப் பக்கம் தேடுங்கள். விசிறியெல்லாம் நன்றாகச் சுற்றி, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் அது வேறு கேஸ். மானிட்டர் வயர் பழைய இடத்திலேயே மதர்போர்டில் செருகியிருக்கலாம். கார்டை அழுத்தும்போது பக்கத்தில் உள்ள ராம் நெகிழ்ந்திருக்கலாம். கார்டே முழுதாக உட்காராமல் இருக்கலாம். மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரியை, மெயினைப் பிடுங்கிவிட்டு, சில நிமிடம் கழற்றி மாட்டினால் சிலசமயம் சரியாகும். இன்னொன்று, எங்கள் கன்வெர்ட்டர் வயரைப் பார்த்து நீங்களும் வாங்காதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வயர் இல்லை என்றால், அந்தக் கார்டைத் தாங்கும் எஸ்எம்பிஎஸ் அது இல்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

இனி 1995 செட்டுக்கு.

உங்களுக்கு ஓம் விதிப் பயிற்சி நடந்த ஒரு சாயங்காலம் நினைவிருக்கலாம். கடைசி மேசையில் ஒரு மாணவனின் அம்மீட்டர் முள் அசையவில்லை. மின்கலத்தை வோல்ட்மீட்டரில் வைத்துப் பார்த்தேன், 1.4 காட்டியது. கலம் நன்றாக இருக்கிறது, அப்படியானால் நீதான் மீட்டரை எரித்துவிட்டாய் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். இன்னும் சில வார்த்தைகளும் சொன்னேன், அவை இங்கே வேண்டாம். உடைசல் பதிவேட்டில் அவன் பெயரை எழுதி 85 ரூபாய் கட்டச் சொன்னேன். அவன் அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. இவன் வீட்டில் ராத்திரி பெட்டி ஒட்டுவான். அந்தப் பணத்தை மூன்று தவணையாக, சில்லறையாகக் கொண்டுவந்து கொடுத்தான். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க ஆய்வகத்தில் அவன் எதையும் தொடவில்லை. கூட்டாளி செய்வான், இவன் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று அளவை எழுதுவான். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "நான் தொடல சார்" என்றான். அப்போது அது எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது.

மே மாதம் கருவிகளைக் கணக்கெடுத்தபோது ஆய்வக உதவியாளர் அந்த அம்மீட்டரைப் புதுக் கலத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "சார், மீட்டர் நல்லாத்தான் இருக்கு." முந்தைய பிரிவினர் சுற்றைத் திறக்காமல் விட்டுப்போய், கலம் தீர்ந்துபோயிருந்திருக்கிறது. பக்கத்து மேசை மீட்டரை ஒரு நிமிடம் மாற்றி வைத்துப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அந்த வாரம்தான் அகமின்தடைப் பாடம் நடத்தியிருந்தேன்.

அதற்குள் அவன் தேர்வு எழுதிவிட்டுப் போய்விட்டான். வீடு எங்கே என்று எனக்குத் தெரியும். சைக்கிளில் பத்து நிமிடம். போகவில்லை. மாணவனிடம் போய் ஆசிரியர் என்னவென்று சொல்வது என்று தள்ளிப்போட்டேன். பிறகு அந்தக் குடும்பம் வேலை தேடித் திருப்பூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி.

இன்றைக்கு அவனுக்கு 47, 48 வயது இருக்கும். உங்களில் யாருக்காவது தொடர்பு இருந்தால், அவனிடம் முதலில் கேட்டுவிட்டு, சம்மதித்தால் அவன் எண்ணை எனக்கு மெசெஞ்சரில் அனுப்புங்கள். பேச விருப்பமில்லை என்று சொன்னால் அதையும் அப்படியே எனக்குச் சொல்லிவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம். யார் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்டில் பெயரைப் போடாதீர்கள். அன்றைக்கும் எல்லார் முன்னாலும்தான் அவன் பெயரைச் சொன்னேன்.